சத்தமில்லாத அசனம்

பியூலா திரையின் மேல் விரலை வைத்து, "இந்தா, வாயசைக்கான் பாருங்க. என்ன சொல்லுதான்?" என்று கேட்டாள்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறை. பிற்பகல். வெயில் கம்ப்யூட்டரில் விழாமல் இருக்க ஜன்னலில் ஒரு போர்வையைக் கட்டியிருந்தேன். அந்த அரை இருட்டில் எங்கள் மகன் இம்மானுவேல் குழம்பு வாளியோடு பந்தியில் நடந்துகொண்டிருந்தான். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தான். ஒவ்வோர் இலைக்கும் குனிந்து ஊற்றினான். யாரோ கேலி செய்திருக்க வேண்டும், நிமிர்ந்து சிரித்தான். பிறகு நேராக எங்களைப் பார்த்து, இடது கையை வாயருகே குவித்து, எதையோ உரக்கச் சொன்னான்.

எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்தான்.

அவனை அடக்கம் செய்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வீட்டில் போட்டோக்கள் நிறைய இருந்தன. நடமாடுகிற இம்மானை அதற்குப் பிறகு நாங்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பியூலா அழவில்லை. விரலை எடுக்காமலேயே, "சத்தம் எப்ப வரும்?" என்றாள்.

"அதுக்கு வேற ஒண்ணு போடணும். நாளைக்குப் போடுதேன்."

அது உண்மை. சொல்லும்போது செய்கிற எண்ணமும் எனக்கு இருந்தது.

பச்சை முகம்

அந்தப் படம் ஒரு சி.டி.யில் வந்தது. கொடுத்தவன் பியூலாவின் தம்பி சாலமோன். அவன் எங்கள் வீட்டுக்கு வருவது நின்று போயிருந்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். நான் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான். சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தான்.

"அத்தான், இதுல இம்மான் இருக்கான். நம்ம ஊர் அசனத்தன்னைக்கு நான் எடுத்தது. அக்காவுக்கு நீங்களே போட்டுக் காட்டுங்க," என்றான். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டான்.

வீட்டில் போட்டபோது கம்ப்யூட்டர் மறுத்தது. இதைத் திறக்கத் தேவையான கோடெக் இல்லை என்று ஒரு சின்னக் கட்டத்தில் சொன்னது. கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்த வார்த்தையை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை தெரியாது. எதைத் தொட்டாலும் ஓடுகிறது. அந்த நாளில் அப்படி இல்லை. கேமராவில் எடுத்த படம் மிகப் பெரிதாக இருக்கும் என்பதால் அதைச் சுருக்கித்தான் கோப்பில் வைப்பார்கள். சுருக்கியதை விரிக்கிற சிறு நிரலுக்குத்தான் கோடெக் என்று பெயர். சுருக்குவதில் பல முறைகள். ஒவ்வொன்றையும் விரிக்க அதற்குரிய கோடெக் வேண்டும். படத்துக்கு ஒன்று. சத்தத்துக்கு வேறொன்று. இரண்டும் ஒரே கோப்பில் இருந்தாலும் ஒன்றில்லாமல் மற்றது ஓடும்.

நான் முதலில் செய்தது, அவசரக்காரர்கள் எல்லோரும் செய்வது. எல்லாக் கோடெக்கும் சேர்த்துக் கட்டிய ஒரு பெரிய தொகுப்பை இறக்கினேன். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சரி, சரி என்று அழுத்தினேன். விளைவு, இம்மான் தலைகீழாக வந்தான். முகம் பச்சையாக இருந்தது. ஊற்றிய குழம்பு மேல்நோக்கிப் போனது. ஒரு கோடெக்கின் வேலையில் இன்னொன்று புகுந்துவிட்டது என்று பிறகு புரிந்துகொண்டேன்.

நல்லவேளையாக அப்போது பியூலா சமையலறையில் இருந்தாள். பார்த்திருந்தால் என்ன ஆகியிருப்பாள் என்று நினைக்கவே முடியவில்லை. அவனைப் பெட்டியில் கொண்டுவந்தபோது அவள் பார்த்த முகத்தின் நிறமும் ஏறக்குறைய அதுதான்.

எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு பாடத்தைப் போல் உட்கார்ந்து படித்தேன். கோப்பு எந்த வகை, படம் எந்த முறையில் சுருக்கப்பட்டது, அதற்கு எது பொருந்தும் என்று பார்த்து, ஒரே ஒரு கோடெக்கை மட்டும் தேர்ந்தெடுத்துப் பதித்தேன். மறுநாள் பிற்பகல் படம் நேராக வந்தது. பியூலாவைக் கூப்பிட்டேன்.

பாராட்டுக் கடிதங்கள்

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சில வாரங்களுக்கு முன், இந்தப் பத்திரிகையில் நான் வாரந்தோறும் எழுதுகிற இதே பக்கத்தில், என் பணிக்காலம் முழுவதும் யாருக்கும் எந்த இடத்திலும் நான் சிபாரிசு செய்ததில்லை என்று எழுதியிருந்தேன். சொந்த மகனுக்கும்கூட, என்று ஒரு வாக்கியம் சேர்த்திருந்தேன். வாசகர்கள் பலர் பாராட்டி எழுதினார்கள். ஒருவர் தன் மகனிடம் அதைப் படித்துக் காட்டியதாகவும் எழுதியிருந்தார்.

அந்தக் கடிதங்களை மேஜையில் வைத்துக்கொண்டு என்னால் வேறு எந்தக் கதையும் எழுத முடியவில்லை. பத்தமடையில் நான் தங்கிப் படித்த நாட்களைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுவதாக இருந்தது. அது கிடக்கட்டும்.

அசனம்

எங்கள் பக்கத்துச் சபைகளில் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின் கடைசி நாளில் அசனம் என்கிற பொது விருந்து நடக்கும். ஊரார் அரிசியும் ஆடும் கொண்டுவந்து தருவார்கள். ஆலயத்துக்குப் பின்னால் குழி வெட்டி அண்டாக்களை ஏற்றுவார்கள். போதகர் ஜெபித்து முடித்ததும் பந்தி. வக்கீலும் வண்டிக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிட வேண்டும் என்பதுதான் அதன் பொருள். பரிமாறுவது இளவட்டங்களின் வேலை. ஈர மண்ணும் ஆட்டுக்கறி மசாலாவும் விறகுப் புகையும் கலந்த அந்த வாசனை மூன்று நாளைக்குச் சட்டையை விட்டுப் போகாது.

பியூலாவின் ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். வருஷா வருஷம் அசனத்துக்குப் போய்விடுவோம். அந்த வருஷம் இம்மான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. பள்ளிக்கூடத்தின் தாளாளர் சாலமோன், அவன் தாய்மாமன். வேலை நிச்சயம் என்று பியூலா நம்பினாள். மகனுக்கு வெள்ளைச் சட்டைகூடத் தைத்து வைத்திருந்தாள்.

வேலை இம்மானுக்குக் கிடைக்கவில்லை. வேறொருவருக்குக் கொடுத்தார்கள். பியூலா தம்பியிடம் நேரிலேயே கேட்டாள். வேறு ஆளுக்கு முன்பே வாக்குக் கொடுத்துவிட்டேன் அக்கா என்றான். அதற்குமேல் அவள் என்ன கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

இம்மான் சில மாதம் வீட்டிலிருந்தான். பிறகு வளைகுடாவில் ஒரு கிடங்கில் கணக்குப் பார்க்கிற வேலை வந்தது. போனான். இரண்டாம் வருஷம் கிடங்கில் அடுக்கியிருந்த சரக்கு சரிந்து அவன் மேல் விழுந்தது.

பெட்டி

திருவனந்தபுரத்தில் விமானத்திலிருந்து இறக்கி, நாகர்கோவில் வழியாகக் கொண்டுவந்தோம். வீட்டு வாசலில் பெட்டியை இறக்கும்போது சாலமோன் முன்னால் வந்தான். தாய்மாமன் என்ற உரிமையில் தலைப்பக்கத்து மூலையில் கையைக் கொடுத்தான்.

பியூலா அவனைப் பார்த்தாள்.

"நீ தொடாத," என்றாள். "நீ ஒரு வேல குடுத்திருந்தா எம் பிள்ள பெட்டில வந்திருக்க மாட்டான். கைய எடுலே."

தெருவே நின்று கேட்டது. சாலமோன் என்னைத்தான் பார்த்தான். அவன் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நானும் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் குனிந்து பெட்டியில் ஒட்டியிருந்த விமான நிலையத்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் கையை எடுத்துக்கொண்டான். கல்லறைத் தோட்டத்திலும் வாசலுக்கு வெளியே, வேலி ஓரமாக நின்றான். மண் போட உள்ளே வரவில்லை. அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் பேசியதில்லை.

ஒரு டிக்

பியூலா திரையில் விரல் வைத்துக் கேட்டாளே, அதற்கு மறுநாள். மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். நான் சத்தத்துக்கான கோடெக்கைத் தேடினேன். சிரமமில்லை. டி.வி.டி. படங்களில் சத்தத்தைச் சுருக்குகிற அதே முறையைத்தான் அந்தக் கேமராவும் கையாண்டிருந்தது. எங்கள் கம்ப்யூட்டரில் அதை விரிக்கிற கோடெக் மட்டும் இல்லை. பாட்டு, பிரசங்கம் எல்லாம் வேறு வகை. அவை நன்றாகவே கேட்டன. பதித்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு படத்தை ஓட்டினேன்.

கேமராவின் கண்ணுக்குத் தூரத்தில் இருப்பதை இழுத்துப் பக்கத்தில் காட்டத் தெரியும். அதன் காதுக்கு அது தெரியாது. அருகில் நிற்பவன் பேசுவதுதான் அதில் பெரிதாக விழும். இதை நான் வகுப்பில் வருஷக்கணக்காக வேறு உதாரணங்களைச் சொல்லி நடத்தியிருக்கிறேன். ஆனாலும் மகனின் குரலுக்காகக் காத்துக்கொண்டிருந்த எனக்கு அது நினைவில் வரவில்லை.

படத்தில் இம்மான் குழம்பு ஊற்றுகிறான். காதில் கேட்டது சாலமோனின் குரல். கேமராவைப் பிடித்திருந்தவன் அவன்.

"அத்தான், அடுத்த வாரம் இம்மானுக்கு ஆர்டர் போட்டிருதேன்."

"போடாத."

அது என் குரல்.

"என்ன சொல்லுதிய?"

"போடாதங்கேன். எம் மவனுக்கு நானே சொல்லி வாங்கிக் குடுத்தேன்னு ஊரெல்லாம் பேசும். இத்தன வருசம் ஒருத்தன் என்னைய விரல் நீட்டிப் பேசுனதில்ல."

"அக்கா கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"வேற ஆளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்னு சொல்லு. நான் சொன்னேன்னு மட்டும் அவளுக்குத் தெரியப்பிடாது."

பாத்திரங்களின் ஓசை, பிள்ளைகளின் கூச்சல். பிறகு நான் மறுபடியும் பேசுகிறேன். "அவன் அவ்வளவுதான், சாலமோன். வாத்தியாரா நின்னு நடத்துத அளவுக்கு அவன்ட்ட சரக்கு கெடையாது." அந்த வாக்கியம் முடிவதற்குள், அதற்கு அடியில், தூரத்திலிருந்து மெல்லியதாக ஒரு குரல்.

"மாமா, படம் எடுத்தது போதும், வந்து உக்காருங்க. சோறு ஆறுது."

கையை வாயருகே குவித்து அவன் சொன்னது அதுதான். அந்தப் படம் முழுவதிலும் அவன் குரல் அந்த ஓர் இடத்தில் மட்டுமே இருக்கிறது. அதன் மேல்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நான் அவனைப் பற்றி அப்படிச் சொன்னதை மறந்தே போயிருந்தேன். வேலையைத் தடுத்தது நினைவிருந்தது. அதைக் கொள்கை என்று பெயர் சொல்லி ஓர் ஓரத்தில் வைத்திருந்தேன். சரக்கு இல்லை என்று சொன்னது மறந்துவிட்டது. அவனுக்கு அறிவுக் குறைவு ஒன்றும் இல்லை. என்னைப் போல் முதல் வகுப்பில் தேறவில்லை, அவ்வளவுதான்.

பியூலா வருவதற்கு இன்னும் நேரமிருந்தது. பதித்த நிரலை மறுபடியும் திறந்தேன். எந்தெந்தச் சத்த வகைகளை விரிக்க வேண்டும் என்று ஒரு வரிசை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கட்டம், அதில் ஒரு டிக். அந்த ஒரு வகைக்கு எதிரே இருந்த டிக்கை எடுத்தேன். படத்தை ஓட்டிப் பார்த்தேன். இம்மான் வாயசைத்தான். சத்தமில்லை.

அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே, "போட்டிட்டியளா?" என்றாள்.

"கேமராவுல மைக் கெட்டுப் போயிருந்திருக்கு. சத்தமே பதிவாகல," என்றேன்.

பியூலா வாசலிலேயே நின்றாள். பிறகு, "நீங்க படிச்சவுக. பாத்துத்தான் சொல்லுவிய," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவள் கொடுத்த குரல்

ஒரு பொய்யைச் சொல்வது சுலபம். அதைக் காப்பாற்ற நான் ஒரு தொழில்நுட்பக்காரனாக மாற வேண்டியிருந்தது.

கம்ப்யூட்டர் பழுதாகும், அழித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாகப் பதிய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கோடெக்குகளை நானேதான் தேர்ந்தெடுத்துப் போட்டேன். அந்த ஒன்றை விட்டேன். பழுது பார்க்க வந்த இளைஞர் ஒருமுறை, "சார், ஒரு ப்ளேயர் இருக்கு, அதப் போட்டா எந்தக் கோடெக்கும் வேண்டாம், எல்லாமே ஓடும்," என்றார். வேண்டாம் தம்பி, தெரியாத நிரல்களை நான் வைத்துக்கொள்வதில்லை என்றேன். பழைய காலத்து மனுஷர் என்று நினைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுக்குப் பிறகு பியூலா படத்தைப் போடச் சொல்வாள். வருஷக்கணக்காக. பார்த்துப் பார்த்து அவளே அவனுக்கு வசனம் எழுதிவிட்டாள். "இப்ப, 'பெரியம்மா, இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டா'ன்னு கேக்கான்," என்பாள். "இந்தா சிரிக்கான், அந்த எபநேசர் பய ஏதோ சொல்லியிருப்பான்." கையைக் குவித்து அவன் கூப்பிடுகிற இடம் வந்ததும், "இது என்னைய. 'அம்மா, சாப்பிட வா'ங்கான்," என்பாள். ஒவ்வொரு வாரமும் அந்த இடத்தில் தலையை ஆட்டிக்கொள்வாள், வருகிறேன் என்பது போல.

பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். அவன் கூப்பிட்டது யாரை என்று எனக்குத் தெரியும். பெட்டியைத் தொடாதே என்று அவள் விரட்டிய தம்பியை.

சொல்லிவிடலாம் என்று நினைத்த நாட்கள் உண்டு. சொல்லியிருந்தால் அவளுக்குத் தம்பி திரும்பக் கிடைத்திருப்பான். அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் சொல்லாமல் இருந்தேன்.

என் குரல்

கொரோனா நாட்களில் ஆலயங்கள் மூடியிருந்தபோது ஆராதனையைக் கம்ப்யூட்டரில் பார்க்கப் பியூலா பழகிக்கொண்டாள். மவுஸைப் பிடித்து அழுத்தத் தெரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு பழைய கம்ப்யூட்டர் அடியோடு நின்றுபோக, ஒரு மடிக்கணினி வாங்கினேன். பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்ததையெல்லாம் கடையிலேயே மாற்றித் தந்தார்கள். சத்தத்துக்கான அந்தக் கோடெக் இதில் இருக்காது என்று நான் அலட்சியமாக இருந்துவிட்டேன். எல்லாவற்றையும் ஓட்டுகிற ப்ளேயரைக் கடைக்காரர் வழக்கம்போல அவராகவே பதித்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை. பின்பக்கம் தொட்டியில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். முன்னறையில் யாரோ பேசினார்கள். யார் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நடந்தேன். பாதி வழியில் தெரிந்துவிட்டது, அது நான்.

நான் உள்ளே போனபோது அது முடிந்திருந்தது. பியூலா அதை முதலிலிருந்து மறுபடியும் ஓட்டினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று முழுவதும் கேட்டேன். சரக்கு கிடையாது என்ற இடம் வந்ததும் அவள் முன்னால் சாய்ந்து, காதைக் கணினியோடு ஒட்டி வைத்தாள்.

"பியூலா," என்றேன்.

"பேசாதிய. அவன் கொரலே அந்த ஓர் எடத்துலதான் வருது. அதுக்கு மேலயும் நீங்கதான் பேசுதிய."

மூன்றாவது தடவை ஓட்டினாள். பிறகு எழுந்து, சேலையை மாற்றிக்கொண்டு, ஒரு பையில் துணிகளை வைத்தாள். அவளே ஆட்டோவுக்குப் போன் செய்தாள். நான் கூட வருகிறேன் என்றேன். ஏறிக்கொண்டேன்.

ஆற்றைத் தாண்டி ஊருக்குள் போனோம். சாலமோன் வீட்டு முன்னால் இறங்கினாள். அவன் பனியனோடு வெளியே வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவள் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்து, உள்ளங்கைகளைத் தன் முகத்தின் மேல் வைத்துக்கொண்டாள். இருவரும் உள்ளே போனார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் இறங்கியிருப்பேனா என்று தெரியவில்லை.

வெகுநேரம் கழித்துச் சாலமோன் வந்தான்.

"அத்தான், அக்கா இங்கன இருக்கட்டும். நீங்க பையப் பைய வீட்டுக்குப் போங்க."

"நீ அந்தப் படத்தச் சத்தத்தோட பாத்திருந்தியா?"

"பாத்தேன்."

"பொறவு ஏன் என் கைல குடுத்த?"

"நீங்க சொல்லுவியன்னு நெனச்சேன்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும்.

கேட்ட ஒன்று

பியூலா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். சாலமோனிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எழுதுங்க என்று மட்டும் சொன்னான். என் மாத்திரைகளைப் பற்றி அவன் மூலமாக விசாரிப்பாள். என்னோடு நேராகப் பேசியது, போன பின் ஒரே ஒரு தடவை.

அவளே போன் செய்தாள். படத்தைச் சாலமோன் வீட்டு டி.வி.யில் போட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள். பிறகு கேட்டாள். "அதுல உங்க கொரல மட்டும் எடுத்திர முடியுமா? அவன் பேசுதது தனியாக் கேக்கணும்."

பார்க்கிறேன் என்றேன். பார்த்தேன். இரண்டு வாரம் அதைத் தவிர வேறு வேலை செய்யவில்லை. இப்போது குரல்களைப் பிரித்துத் தருகிற நிரல்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். என் குரலைக் குறைத்தால் அவன் குரலும் கூடவே போய்விடுகிறது. பெரிதாக்கினால் நானும் சேர்ந்து பெரிதாகிறேன். ஒரே மைக்கில் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தவை. அருகில் நின்றவன் நான்.

அவளிடம் சொன்னேன். "முடியல பியூலா. எல்லாத்தையும் செஞ்சு பாத்துட்டேன்."

"முடியலயா? இல்ல, செய்ய மாட்டியளா?"

"சத்தியமா முடியல."

"சரி. வேற ஆள்ட்டக் கேட்டுப் பாக்கேன்," என்று வைத்துவிட்டாள்.

கேட்கட்டும். யாரிடம் கேட்டாலும் நான் சொன்னதையேதான் சொல்வார்கள். அவர்கள் சொன்னால் நம்புவாள்.